வியாழக்கிழமைக் கிண்ணம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஐரோப்பிய உதைபந்தாட்டத்துக்கு ஒரு வாரக் கணக்கு இருந்தது. செவ்வாய்க்கிழமை யூஃபா கிண்ணம், புதன்கிழமை சாம்பியன்ஸ் லீக், வியாழக்கிழமை கூப் தெ கூப். தத்தம் நாட்டில் கிண்ணம் வென்ற கழகங்கள் ஒன்றோடொன்று மோதும் கிண்ணம் அது. சித்தப்பாவுக்கு உணவகத்தில் ஓய்வுநாளும் வியாழன்தான். அதனால் மற்ற இரண்டும் எவ்வளவு பெரிய போட்டிகள் என்றாலும், எங்கள் வீட்டுக் கிண்ணம் இதுதான் என்றே நான் வளர்ந்தேன்.

பாரிஸின் வடக்கு விளிம்பில், லா கூர்நெவில், நாலாம் மாடியில் இருந்தோம். ஒரு அறையில் அப்பாவும் அம்மாவும், மற்றதில் அக்காவும் நானும், முன்கூடத்துச் சோபாவில் சித்தப்பா. அவர் நகரத்துக்குள் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். கடைசி ரயிலில் வரும்போது கோட்டுக்குள் மடித்த லெக்கிப் பத்திரிகை இருக்கும். பகல் முழுக்க வாடிக்கையாளர்கள் புரட்டி முடித்து, கோப்பி வட்டங்களும் சோஸ் கறையும் ஏறிய பத்திரிகை. அவருக்குப் பிரெஞ்சு பேச ஓரளவு வரும், வாசிக்க வராது. காலையில் பள்ளிக்கூடச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே நான்தான் வாசித்துத் தமிழில் சொல்லவேண்டும். "எழுதியிருக்கிறதை மட்டும் சொல்லு. நீயா ஒண்டும் சேர்க்காதை" என்பார், கண்ணை மூடியபடி.

சித்தப்பா நாவாந்துறையில் கோல் காத்தவர். அந்தக் கடற்கரை ஊர்களில் உதைபந்து எவ்வளவு ஆழமாக வேரோடியது என்று யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. அவருடைய இடது கையின் சின்ன விரல் ஒரு பக்கம் வளைந்தே இருக்கும். எந்த ஆட்டத்தைப் பற்றி வாசித்தாலும் முதலில் கேட்பது, கோல் காத்தது யார், எத்தனை தடுத்தான் என்பதுதான். அடித்தவனின் கதை பிறகு வரும்.

என் நினைவில் நிற்கும் முதல் கூப் தெ கூப் இறுதியாட்டம் எங்கள் நகரத்திலேயே நடந்தது. 1995 மே 10, பார்க் தெ ப்ரேன்ஸ் அரங்கம், ஆர்சனலும் ரியல் சரகோசாவும். 1-1 என்ற கணக்கில் மேலதிக நேரமும் முடியும் தறுவாயில், வலப்பக்க ஓரத்தில் ஏறக்குறைய நடுக்கோட்டுக்குக் கிட்ட நின்ற சரகோசாவின் நயிம், துள்ளி வந்த பந்தை ஒரு உதை உதைத்தார். அது வானத்துக்கு ஏறி, முன்னுக்கு வந்து நின்ற ஆர்சனல் கோலி டேவிட் சீமனின் தலைக்கு மேலால் இறங்கி, அவருடைய கையில் பட்டும் நிற்காமல் உள்ளே போனது. அரையிறுதியில் சம்ப்தோரியாவின் மூன்று பெனால்டிகளைத் தடுத்த அதே கைகள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சீமனைப் பழித்தார்கள். சித்தப்பா ஒருவர்தான் அவர் பக்கம் நின்றார். "அவன் நிண்ட இடம் சரி. முன்னுக்குப் பார்த்துக்கொண்டு பின்னுக்கு ஓடுறது எவ்வளவு கஷ்டமெண்டு கோல் காத்தவனுக்குத்தான் தெரியும்." இன்றுவரை நானும் அந்தக் கட்சிதான்.

அந்த ஆண்டு பிரெஞ்சுக் கிண்ணத்தை வென்று, அடுத்த பருவத்துக்கு உள்ளே வந்தது எங்கள் பரி சென் ஜெர்மன். முதலில் நோர்வேயின் மோல்டே, அடுத்தது கிளாஸ்கோவின் செல்டிக். சொந்த அரங்கில் 1-0. அடுத்த ஆட்டம் கிளாஸ்கோவில் நவம்பர் 2.

அந்த வாரம் எங்கள் வீட்டில் யாரும் ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. போர் நெருங்க, ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணம் வெறுமையானது. இலட்சக்கணக்கான சனம் மழைக்குள் செம்மணி வீதியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சிக்கு நடந்தது. அப்பம்மா அந்தக் கூட்டத்துக்குள் எங்கேயோ இருந்தார். கொழும்பிலிருந்து யாராவது அழைப்பார்கள் என்று அப்பா தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்தார். வியாழன் இரவு சித்தப்பா தொலைக்காட்சியைப் போட்டு ஒலியை முழுதாகக் குறைத்துவிட்டார். பரியின் லோக்கோ அடித்தார், திரும்பவும் அடித்தார், மூன்றாவதை நூமா அடித்தார். ஒருவரும் சத்தம் போடவில்லை. முடிவில் செல்டிக் ரசிகர்கள் தங்களை வென்ற அணிக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள். சித்தப்பா ஒலியைக் கூட்டியது அப்போதுதான். அந்தக் கைதட்டலை முடியும்வரை கேட்டார். அதற்குப் பிறகு ஒரு நாள் தகவல் வந்தது, அப்பம்மா சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் இருக்கிறார் என்று.

மார்ச்சில் பார்மா. அங்கே 0-1, இங்கே 3-1. அதற்கு இரண்டு பருவங்களுக்கு முன் இதே கிண்ணத்தின் அரையிறுதியில் ஆர்சனல்தான் பரி அணியை வெளியே அனுப்பியது என்பதால், அரையிறுதி என்றாலே எனக்கு வயிற்றைப் பிசையும். அரையிறுதி எதிரணி டிப்போர்ட்டிவோவின் மைதானத்தில் கடைசி நிமிடத்தில் எங்கள் ஜோர்க்காயெஃப் அடித்தபோது சித்தப்பா போட்ட சத்தத்துக்குக் கீழ்வீட்டு மாலிக்காரர் தும்புத்தடியால் கூரையைத் தட்டினார். கோபத்தில் அல்ல, அவரும் அதே ஆட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பாரிஸில் லோக்கோவின் ஒரு கோல் மீதியை முடித்தது.

இறுதிக்கு முந்திய வாரங்களில் லெக்கிப் இந்தக் கிண்ணத்தின் பழைய கதைகளைப் பக்கம் பக்கமாகப் போட்டது. அவற்றை வாசித்துக்காட்டிய காலைகள்தான் என் முதல் பூகோள பாடம். 1961இல் முதல் இறுதி இரண்டு ஆட்டங்களாக நடந்தது. ஃபியொரெண்டினா கிளாஸ்கோவில் 2-0, ஃபுளோரன்ஸில் 2-1 என்று ரேஞ்சர்ஸை வென்றது. 1963இல் டொட்டன்ஹாம் அத்லெத்திக்கோ மாட்ரிட்டை 5-1 என்று அடித்தது. ஐரோப்பியக் கிண்ணம் ஒன்றை பிரிட்டிஷ் கழகம் வென்றது அதுதான் முதல் தடவை. அதே ஆண்டு நவம்பரில் லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் சைப்பிரஸின் அப்போயேலுக்குப் பதினாறு கோல் போட்டது, 16-1. சித்தப்பாவின் மூடியிருந்த கண்கள் திறந்தன. "அந்தக் கோலியின்ரை பேர் போட்டிருக்கோ?" என்றார். போட்டிருக்கவில்லை.

என்னிடம் இருந்தது யாரோ கொடுத்த பழைய பள்ளிக்கூட நிலப்படம். 1969இல் பார்சலோனாவை 3-2 என்று வென்ற ஸ்லோவான் பிராட்டிஸ்லாவா அதில் செக்கோஸ்லோவாக்கியாவில் இருந்தது. 1974 மே 8 அன்று ரொட்டர்டாமில் ஏசி மிலானை 2-0 என்று வென்ற மாக்டபூர்க் கிழக்கு ஜெர்மனியில். அந்த நாட்டுக் கழகம் ஒன்று ஐரோப்பியக் கிண்ணம் வென்றது அது ஒருமுறைதான். 1981இல் கார்ல் சைஸ் யேனாவை வென்ற தினமோ திபிலிசி சோவியத் ஒன்றியத்தின் பெரிய சிவப்புப் பரப்புக்குள். பத்திரிகையோ ஜார்ஜியா என்றது. எது சரி என்று அப்பாவைக் கேட்டேன். மூன்று நாடுகளும் இப்போது இல்லை என்றார். கழகங்கள் இருக்கின்றன, கிண்ணப் பட்டியலில் பெயரும் இருக்கிறது. நாடு என்ற சொல் தினமும் புழங்கிய வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இது லேசாகக் கடந்துபோகும் செய்தியாக இருக்கவில்லை. கலர்ப் பென்சிலால் அந்த ஊர்களுக்கு வட்டம் போட்டேன்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது அபர்தீன். 1983 மே, கோதன்பர்க், கொட்டும் மழை. ஸ்கொட்லாந்தின் வடகிழக்கில் கடலோரம் உள்ள நகரத்தின் கழகம் டி ஸ்டெஃபானோ பயிற்றுவித்த ரியல் மாட்ரிட்டை மேலதிக நேரத்தில் 2-1 என்று வென்றது. மாற்று ஆட்டக்காரராக இறங்கிய ஜோன் ஹியூவிட் தலையால் முட்டிய கோல். பயிற்றுநர் அலெக்ஸ் ஃபெர்கசன் என்பது எனக்கு அப்போது பெரிய விசயமாகப் படவில்லை. மீன்பிடித் துறைமுகத்து ஊர் என்றவுடன் சித்தப்பா எழுந்து உட்கார்ந்தார், அது படிந்துவிட்டது.

1996 மே 8 பிரான்சில் யுத்தம் முடிந்த நினைவு விடுமுறை. ஆனாலும் உணவகங்கள் திறந்திருக்கும். சித்தப்பா இரண்டு வியாழன்களை விட்டுக்கொடுத்து அந்தப் புதனை வாங்கினார். ஆட்டம் பிரசெல்ஸில், மன்னர் போதுவான் அரங்கம் என்று பெயர் மாற்றிப் புதுக்கிய ஹெய்சல் மைதானத்தில். 1985இல் லிவர்பூல், யுவெண்டஸ் ஆட்டத்துக்கு முன் 39 பேர் நசுங்கி இறந்த இடம். அதை நான் வாசித்தபோது சமையலறையிலிருந்து வந்த அம்மா, "ஆட்டம் பார்க்கப் போன பிள்ளையளோ?" என்று கேட்டுவிட்டு அப்படியே நின்றார்.

பிரெஞ்சு லீக் பட்டம் ஒசேர் பக்கம் நழுவிக்கொண்டிருந்தது. பயிற்றுநர் லூயிஸ் பெர்னாண்டஸ் ஆட்டக்காரர்களுக்குத் தைரியம் சொல்ல டென்னிஸ் வீரர் யானிக் நோவாவைக் கூட்டி வந்திருந்தார். எதிரில் ரப்பிட் வியன்னா. தொடங்கிப் பன்னிரண்டு நிமிடத்தில் எங்கள் ராயீ காயப்பட்டு வெளியே போனார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். 29ஆவது நிமிடத்தில் வெகு தூரத்தில் ஒரு ஃப்ரீ கிக். தடுப்பாட்டக்காரர் ப்ரூனோ என்கோட்டி ஓடி வந்து இடித்த இடியில் பந்து ரப்பிட் கோலி கொன்செலைத் தாண்டி வலைக்குள் இருந்தது. மிச்சம் ஒரு மணித்தியாலத்தையும் சித்தப்பா நின்றுகொண்டே பார்த்தார். ரப்பிட்டின் உயரமான யாங்கர் தலையைக் கொண்டுவந்த ஒவ்வொரு முறையும், எங்கள் கோலி லாமாவுக்கு முன்னால் சித்தப்பாவின் கை உயர்ந்தது. முடிந்ததும் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நாலு மாடியும் இறங்கினார். வீதியில் கார் ஹோர்ன்கள், கீழ்வீட்டு மாலிக்காரர், அல்ஜீரியப் பையன்கள், போர்த்துக்கீசப் பேக்கரிக்காரர். இந்த நகரம் எங்களுடையதும்தான் என்று நான் கேள்வியே இல்லாமல் நம்பிய முதல் இரவு அது.

அடுத்த பருவம் பரி நடப்பு வெற்றியாளராக நுழைந்து முதலில் சந்தித்தது வதூஸ். லிக்டென்ஸ்டைனின் தலைநகரம். சில ஆயிரம் பேரே வாழும் ஊர். அந்த நாட்டுக்குச் சொந்தமாக லீக் கிடையாது. கழகங்கள் சுவிட்சர்லாந்தின் பிரிவுகளில் ஆடுகின்றன. உள்நாட்டுக் கிண்ணத்தை வெல்வது ஒன்றே அவர்களுக்கு ஐரோப்பாவுக்கான கதவு. இரண்டு ஆட்டமும் சேர்த்து 7-0. கலாத்தாசராயிடம் 2-4 தோற்று, பாரிஸில் 4-0 திருப்பிக் கொடுத்தோம். லிவர்பூலை இங்கே 3-0 அடித்து, அங்கே 0-2 தாங்கினோம். ரொட்டர்டாமில் எதிரே பார்சலோனா, அதில் இருபது வயது ரொனால்டோ. அவருடைய பெனால்டி ஒன்றே முடிவு. கிண்ணத்தைக் கையில் வைத்திருந்த கழகம் மறுபடியும் இறுதிக்கு வந்து தோற்பது அது எட்டாவது தடவை. 39 பருவங்களில் 32 கழகங்கள் வென்றன, ஒன்றுகூட அடுத்தடுத்த இரண்டு ஆண்டு வைத்திருக்கவில்லை. எனக்கு அது குறையாகவே தோன்றவில்லை. யாரிடமும் தங்காமல் ஊர் ஊராகப் போன கிண்ணம், அதனாலேயே அழகாக இருந்தது.

அதன் உயிர் போனது பணத்தால்தான், இதை மென்மையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. 1997இலிருந்து பெரிய நாடுகளின் இரண்டாம் இடத்து அணிகளுக்கும் சாம்பியன்ஸ் லீக் திறந்தது. 1999இல் ஒரு நாட்டிலிருந்து நாலு அணிவரை போகலாம் என்றானது. தொலைக்காட்சிப் பணம் முழுவதும் அங்கே சேர்ந்தது. கிண்ணம் வென்ற பலமான கழகம் அங்கே போய்விட, தோற்ற அணி இங்கே வந்தது. 1999 மே 19, பர்மிங்ஹாம் வில்லா பார்க்கில் நடந்த கடைசி இறுதியில் லாசியோவிடம் 1-2 தோற்ற மயோர்க்கா, ஸ்பெயின் கிண்ணத்தை வென்ற அணியே அல்ல. இறுதியில் தோற்ற அணி. வென்ற பார்சலோனா லீக்கையும் வென்றிருந்ததால் சாம்பியன்ஸ் லீக்கில் இருந்தது. நெட்வெட் அடித்த கோலோடு போட்டி மூடப்பட்டு, யூஃபா கிண்ணத்துக்குள் கரைக்கப்பட்டது.

சித்தப்பா இப்போது ஓய்வு பெற்று, பாரிஸுக்கு வெளியே ஷெல் என்ற ஊர்ப் பக்கம் இருக்கிறார். 2022 ஓகஸ்ட்டில் கொன்ஃபெரன்ஸ் லீக் தகுதிச்சுற்றில் வதூஸ் வியன்னாவுக்கே போய் ரப்பிட்டை 1-0 என்று வென்று, ஐரோப்பியப் போட்டி ஒன்றின் குழுநிலைக்கு வந்த முதல் லிக்டென்ஸ்டைன் கழகம் ஆனது. அவர்கள் உள்ளே வந்தது அதே பழைய கதவால், தங்கள் சின்ன நாட்டுக் கிண்ணத்தை வென்று. அன்றும் வியாழக்கிழமை. ஆட்டம் முடிந்த கையோடு அவருக்கு அழைத்துச் சொன்னேன். மறுமுனையில் ஒரு கணம் சந்தோசச் சிரிப்பு, உடனே கேள்வி: "கோல் காத்தவன் எத்தினை தடுத்தவனாம்?"