ஆட்டோவுக்குப் பூர்வீகம் இத்தாலி

ஆகுர்டி, புனே

அன்புள்ள மாப்ளே,

ஆகுர்டிக்கு வந்து சேர்ந்துவிட்டேன். புனேயில் லோனாவ்ளா லோக்கல் ஏறினால் கட்கி, பிம்பிரி, சிஞ்ச்வட் தாண்டி இந்த ஸ்டேஷன். அங்கிருந்து ஆட்டோ பிடித்துப் பழைய மும்பை–புனே சாலைக்குப் போனேன். பக்திக் கவி துக்காராம் மகராஜின் பல்லக்கு தேகுவிலிருந்து பண்டரிபுரம் போகிற வழியில் ஓர் இரவு தங்கும் ஊர் இது. விட்டலன் கோயிலில் கும்பிட்டுவிட்டுத்தான் பஜாஜ் ஆலைப் பக்கம் போனேன். வெளியாளை உள்ளே விடமாட்டார்கள், மதிலோரமாகவே நடந்தேன். மதுரை சிம்மக்கல்லில் உங்கள் பட்டறையில் மாமா பிரித்துப் போட்டிருந்த ஆட்டோக்களையெல்லாம் நினைத்துக்கொண்டே நடந்தேன்.

மனிதர்களிடம் பூர்வீகம் எது என்று கேட்கிறோம். ஆட்டோவிடம் கேட்டால் அது இத்தாலியில் பொந்தெதேரா என்று சொல்லும். அங்கே பியாஜியோ கம்பெனி விமானம் செய்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து ஆலை நொறுங்கியது. தோற்ற நாட்டில் இனி விமானத்துக்கு யார் ஆர்டர் கொடுப்பார்கள்? தொழிலாளிகளுக்கு வேலை வேண்டும், ஜனங்களுக்கு மலிவாக ஒரு வண்டி வேண்டும். முதலாளி என்ரிகோ பியாஜியோ அந்த வேலையைக் கொராதினோ தஸ்கானியோ என்ற பொறியாளரிடம் கொடுத்தார். 1930இலேயே ஹெலிகாப்டர் செய்து பறக்கவிட்டவர் அவர். மோட்டார் சைக்கிள் அவருக்குப் பிடிக்காது. செயின் உடுப்பைக் கறையாக்குகிறது, பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றுவது பெரும்பாடு, காலைத் தூக்கிப் போட்டுத்தான் ஏற வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் அவருடைய குறை.

அந்தக் குறைகளை ஒவ்வொன்றாக அவர் தீர்த்த விதத்தை உன்னைவிட யார் ரசிக்கப் போகிறார்கள்! செயினே கிடையாது, இஞ்சின் பின்சக்கரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து நேராகச் சுற்றும். தனியாகச் சட்டம் கிடையாது, அழுத்தி வளைத்த தகடே உடம்பு. விமானச் சக்கரத்தைப் போல முன்சக்கரத்தை ஒரு பக்கக் கை மட்டும் தாங்கும், அதனால் நட்டைக் கழற்றினால் சக்கரம் கையோடு வந்துவிடும். கியரை இடது கைப்பிடியில் வைத்தார். 1946 ஏப்ரல் 23 அன்று வெஸ்பாவுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். 98 சிசி வண்டி. 1948இல் அதன் முன்பாதியை வைத்துக்கொண்டு, பின்னால் இரண்டு சக்கரமும் சரக்குப் பெட்டியும் சேர்த்து 'ஆப்பே' என்ற மூன்று சக்கர வண்டியைச் செய்தார்கள். இடது கை மணிக்கட்டைத் திருப்பிக் கியர் மாற்றுகிற நம்மூர் ஆட்டோக்காரர் அந்த 1946ஆம் வருட யோசனையைத்தான் இன்றும் திருப்பிக்கொண்டிருக்கிறார்.

அந்தச் சரக்கு வண்டியில் ஆளை உட்கார வைக்கலாம் என்று இங்கே தோன்றியது அகமத்நகர்க்காரரான நவல்மல் பிரோதியாவுக்கு. பத்திரிகையில் பியாஜியோ வண்டியின் படத்தைப் பார்த்து, மனிதனை மனிதன் இழுக்கிற, மிதிக்கிற ரிக்‌ஷாவுக்கு இது மாற்றாகும் என்று நினைத்தாராம். எனக்கு இந்தக் கதையிலேயே மிகப் பிடித்த இடம் இதுதான். இத்தாலியிலிருந்து வந்தது வண்டி, அதை எதற்கு ஓட்ட வேண்டும் என்பது இங்கே பிறந்த எண்ணம். பிரோதியா குடும்பத்தின் ஃபோர்ஸ் மோட்டார்ஸும் இதே ஆகுர்டியில், இதே சாலையில்தான் இருக்கிறது.

அந்த வண்டியை இங்கே செய்தது பஜாஜ். அந்தக் குடும்பம் 1945இல் பச்ராஜ் டிரேடிங் கார்ப்பரேஷனைத் தொடங்கி, 1948 முதல் வெளிநாட்டு வண்டிகளைத் தருவித்து விற்றது. 1959இல் இங்கேயே செய்ய லைசென்ஸ் கிடைத்தது, அடுத்த வருடம் பியாஜியோவோடு ஒப்பந்தம். 1971இல் அது முடிந்தபோது அரசு புதுப்பிக்க விடவில்லை. 1972இல் அதே வம்சத்து வண்டி ராணா பிரதாப்பின் குதிரைப் பெயரோடு 'சேத்தக்' என்று வெளியே வந்தது. பணம் கட்டிவிட்டுப் பத்து வருடம் காத்திருந்த குடும்பங்கள் உண்டு. அதற்காக ஆகுர்டியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எத்தனை வண்டி செய்யலாம் என்று எண்ணிக் கொடுத்தது டெல்லி. அந்தத் தட்டுப்பாட்டால் ஸ்கூட்டர் கல்யாணப் பேச்சில் வரதட்சிணைப் பொருளாகவும் ஆனது. எத்தனை பெண்ணைப் பெற்றவர்கள் அதற்காகக் கடன்பட்டிருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

பஜாஜ் கம்பெனியின் தலைவராக இருந்த ராகுல் பஜாஜ் இந்த ஆலை வளாகத்திலேயே குடியிருந்தவர். 2022இல் அவர் காலமானார். அவர் பெயர் புத்தகங்களில் இருக்கிறது, பியாஜியோ பெயரும் தஸ்கானியோ பெயரும் இருக்கின்றன. மாமாவின் பெயர் எதிலும் இல்லை. பத்து வருடம் காத்திருந்து வாங்கிய வண்டியை இருபது வருடம் ஓட வைத்தது யார்? பிளக்கில் கரி பிடித்தால் உப்புத்தாளில் தேய்த்து, பிஸ்டன் ஜாமானால் போரிங் போட்டு, கிடைக்காத சாமானை லேத்தில் கடைந்து மாட்டி, ஸ்டார்ட் ஆகாத சேத்தக்கை ஒரு பக்கம் சாய்த்துவிட்டு உதைக்கச் சொல்லிக் கொடுத்தவர்கள்தான். இஞ்சின் வலப்பக்கம் இருப்பதால் வண்டி எப்படி இழுக்கும் என்பதை எந்தப் பாடமும் படிக்காமல் கையால் அறிந்தவர்கள். இந்த வம்சத்தை வளர்த்தவர்கள் என்று நான் அவர்களைத்தான் சொல்வேன்.

அதனால்தான் ஆலையின் இன்றைய நிலை எனக்குச் சந்தோஷத்தோடு கொஞ்சம் கலக்கத்தையும் தருகிறது. 2007இல் இங்கே உற்பத்தி நின்றது. சேத்தக்கும் நின்றுபோனது. பிறகு 2019இல் அதே பெயரில் மின்சார ஸ்கூட்டரை அறிவித்தார்கள். 2022 ஜூனில் அதற்கென்று இங்கே புதிய ஆலையும் திறந்தார்கள். உடம்பு இன்னும் தகடுதான், அது தாத்தாவின் சாயல். ஆனால் கார்புரேட்டர் இல்லை, கியர் இல்லை, பிளக் இல்லை. மாமாவின் கை அறிந்ததில் பாதிக்கு அதில் வேலை இல்லை. புகை குறைவது நல்லது, ஓட்டுகிறவரின் நெஞ்சுக்கு ரொம்ப நல்லது. அதற்காக ஒரு தலைமுறையின் கைவேலை எங்கும் எழுதப்படாமல் போக வேண்டுமா?

ஆகவே ஒரு வேலை சொல்கிறேன், தட்டாதே. மாமாவைச் சாயங்காலம் டீ குடிக்கும்போது உட்கார வைத்துப் பேச வை. அவர் யாரிடம் தொழில் கற்றார், அந்த மேஸ்திரி எங்கிருந்து வந்தவர், டிரைவர் சீட்டுக்கு அடியில் இஞ்சின் இருந்த பழைய ஆட்டோ மதுரையில் எப்போது மறைந்தது, கையால் இழுத்து ஸ்டார்ட் செய்யும் லிவர் உடைந்தால் என்ன செய்தார்கள், எல்லாவற்றையும் போனில் பதிவு செய். அவரிடம் வேலை கற்றுப் போன பையன்களின் பெயர்களையும் கேள்.

நான் நாளை பாராமதி போகிறேன். இதே புனே மாவட்டம்தான். பியாஜியோவே திரும்பி வந்து ஆப்பே செய்வது அங்கே. 2012 முதல் வெஸ்பாவும் அங்கிருந்து வருகிறது. அந்த ஊர் மெக்கானிக்குகள் யாராவது பேசக் கிடைத்தால் மாமாவிடம் கேட்கச் சொன்ன அதே கேள்விகளைக் கேட்டு எழுதுகிறேன்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாப்ளே