பழவேற்காட்டு முகத்துவாரம்

பல வருஷங்களாகப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் போதித்து வருகிறேன். டச்சுக்காரர்களைப் பற்றிய பாடத்தை இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டு ஆங்கிலேயரிடம் தாவிவிடுவது என் வழக்கம். அந்தப் பாவத்துக்குப் பிராயச்சித்தமாகத்தான் சென்ற கோடை விடுமுறையில் பழவேற்காட்டுக்குப் பிரயாணமானேன்.

சென்னைக்கு வடக்கே சுமார் 35 மைல். பொன்னேரியில் ரயிலை விட்டு இறங்கிப் பஸ் ஏறினால், வயல்கள் மெள்ள மெள்ள மறைந்து உவர்நிலம் தொடங்கும்போதே உப்புக் காற்று முகத்தில் அடிக்கிறது. பழைய வேலங்காடுதான் பழவேற்காடு ஆயிற்று என்று சிலர் பெயர்க்காரணம் சொல்கிறார்கள். வெள்ளைக்காரர் நாவில் அது 'புலிக்காட்' ஆகிவிட்டது. புலி ஒன்றும் அங்கே இல்லை; மீன் வாசனைக்கு வந்து சேர்ந்த பூனைகள்தான் ஏராளம்.

ஊருக்கும் கடலுக்கும் நடுவே ஏரி கிடக்கிறது. இந்தியாவிலுள்ள உவர்நீர் ஏரிகளில் சில்காவுக்கு அடுத்தபடி இதுவே பெரியது. இதன் பெரும் பகுதி ஆந்திர தேசத்தைச் சேர்ந்தது. தென் கோடிதான் நமக்கு. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் மழைக்காலத்தில் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. கடலோ முகத்துவாரத்தின் வழியே உப்பு நீரை அனுப்புகிறது. இவ்விரண்டும் கலப்பதில்தான் ஊராருடைய பிழைப்பு அடங்கியிருக்கிறது. இறால் கடலில் பிறந்து, குஞ்சுப் பருவத்தில் ஏரிக்குள் புகுந்து வளர்ந்து, மறுபடியும் கடலுக்குத் திரும்புகிற பிராணி. வாசல் சாத்தியிருந்தால் அது எப்படி உள்ளே வரும்? மழை வெள்ளம் அந்த வாசலைத் திறக்கிறது. கோடையில் கரையோரமாக நகர்ந்து வரும் மணல் அதைச் சாத்துகிறது.

சரித்திரத்துக்கு வருவோம். போர்த்துகீசியர் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கு வந்து வியாபாரம் செய்தார்கள். 1610-ல் விஜயநகர அரசரிடம் அனுமதி பெற்று டச்சுக்காரர் பண்டகசாலை வைத்தார்கள். 1612-ல் சாந்தோமிலிருந்து போர்த்துகீசியர் வந்து அதை நாசமாக்கினார்கள். மறு வருஷமே கெல்டிரியா என்ற கோட்டை எழுந்தது. நமது நெசவாளர் நெய்த கட்டம் போட்ட துணிகளும் சாயத் துணிகளும் கிழக்குத் தீவுகளுக்குப் போயின. அங்கே அவற்றுக்கு மாற்றாக வாசனைச் சரக்குகள் வாங்கப்பட்டன. துணி மட்டுமா போயிற்று? பஞ்ச காலங்களில் ஒரு வேளைச் சோற்றுக்கு வழியில்லாமல் விலைப்பட்ட ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் இதே துறையிலிருந்து பட்டேவியாவுக்கு அடிமைகளாகக் கப்பலேறினார்கள். என் பாடப் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

ஆங்கிலேயரும் 1620-களில் இங்கே கடை போட்டுப் பார்த்தார்கள். டச்சுக்காரர் இடங்கொடுக்கவில்லை. கடைசியில் அவர்கள் 1639-ல் தெற்கே ஒரு மணல் மேட்டைப் பெற்றார்கள். அதுதான் சென்னை! பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1690-ல் டச்சுத் தலைமை நாகப்பட்டினத்துக்குப் போயிற்று. கோட்டை 1806-ல் இடிக்கப்பட்டது. 1825-ல் ஊர் முழுவதும் ஆங்கிலேயர் வசமாயிற்று. இன்று கோட்டையிருந்த இடத்தில் முட்புதரும் அகழியின் தடமுமே மிச்சம். டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் கல்லில் செதுக்கிய எலும்புக் கூடுகள் இரண்டு காவல் நிற்கின்றன.

கோட்டை போயிற்று, ஆனால் குப்பங்கள் போகவில்லை. ஏரியில் வலை கட்டும் இடங்களைப் பங்கிட இவர்கள் வைத்திருக்கும் ஏற்பாட்டுக்குப் 'பாடு' என்று பெயர். எந்த இடம் யாருக்கு என்பதைச் சீட்டுப் போட்டு, முறை வைத்து மாற்றிக்கொள்கிறார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிரந்தரமாகப் போய்விடுவதில்லை. ஆனால் பாட்டில் இடமில்லாதவர்களும் உண்டு. இருளர் பெண்கள் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பதைப் பார்த்தேன்.

என்னைப் படகில் ஏற்றிச் சென்ற பெரியவரிடம் டச்சுக்காரரைப் பற்றிக் கேட்டேன். அவர் துடுப்பை நிறுத்தாமல், "அவங்க வந்தாங்க, போனாங்க, சார். முகத்துவாரம் அடைஞ்சா எங்க வாய் அடைஞ்ச மாதிரி, அதைக் கேளுங்க" என்றார். கல்லணை கட்டி முகத்துவாரத்தை நிலைநிறுத்த வேண்டுமென்பது இவர்களுடைய நெடுநாளைய கோரிக்கை. தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் எழுந்திருக்கின்றன. பெரிய கப்பல்களுக்கு வழி செய்யத் தெரிந்த நமக்கு, இறால் குஞ்சுக்கு ஒரு வாசல் திறந்து வைப்பது அவ்வளவு அசாத்தியமா என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் விடியற்காலையில் முகத்துவாரத்துக்குப் போனேன். முழங்கால் ஆழங்கூட இல்லை. நாற்பது ஐம்பது ஆண்கள் மண்வெட்டியும் கூடையுமாக மணலை வாரிக்கொண்டிருந்தார்கள். பெரியவரும் அவர்களில் ஒருவர். வெயில் ஏறும் சமயத்தில் ஓர் அலை மணலைத் தாண்டி, வெட்டிய கால்வாயில் ஒரு முழ அகலத்துக்கு நுரைத்து ஓடி ஏரிக்குள் விழுந்தது. பையன்கள் கூவினார்கள். பெரியவர் அந்த நீரை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் மண்வெட்டியை எடுத்தார்.