நின்றால் பாடும் பெட்டி

என் தந்தையார் வாடகைக் கார் ஓட்டியவர். பாட்டில்லாமல் அவருக்குப் பத்து மைல்கூட வண்டி ஓடாது. 2006-ஆம் ஆண்டில் ஒரு மாலை, திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுத் திண்ணையில் புதிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். "தம்பி, இது வானத்திலேருந்து நேரா பாடுமாம். இனி ஊர் தாண்டினா கொரகொரப்பே கிடையாது" என்றார். வோர்ல்டுஸ்பேஸ் செயற்கைக்கோள் வானொலிப் பெட்டி அது.

நான் அப்போது முதுகலை இயற்பியல் மாணவன். படித்த செருக்கு யாரை விட்டது! "அப்பா, இது ஓடுற கார்ல பாடாது" என்று அந்த நிமிடமே சொல்லிவிட்டேன். காரணமும் விளக்கினேன். 2000-ஆம் ஆண்டு மார்ச்சில் ஏவப்பட்ட ஆசியாஸ்டார், நிலநடுக்கோட்டுக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், 105 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் நிற்பது. எங்கள் ஊரிலிருந்து அது கிழக்கே சற்றுத் தெற்காக, அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 57 பாகை உயரத்தில். ஆன்டெனா அதை நேராகப் பார்த்தால்தான் பாட்டு. கார் ஒரு வளைவு திரும்பினால் போயிற்று. அமெரிக்காவில் 2001-இல் தொடங்கிய எக்ஸ்.எம். வானொலிக்கு இரண்டு செயற்கைக்கோள்கள். அவை போதாதென்று நகரங்களில் தரைமீதும் மறு ஒலிபரப்பிகள் வைத்தார்கள். அங்கே ஒரே பெட்டியைக் காரிலும் பொருத்தலாம், வீட்டிலும் பொருத்தலாம். நமக்கு அவ்வசதி இல்லை என்றேன்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அப்படியா" என்றார். அவ்வளவுதான்.

பெட்டி கிழக்கு ஜன்னலில் குடியேறியது. பழைய ரேடியோ என்றால் மெல்ல மங்கி, இரைந்து, பின்னர்தான் ஓயும். இதுவோ பாடினால் கணீரென்று பாடும்; முருங்கைக் கிளை குறுக்கே ஆடினால் வாயை மூடிக்கொள்ளும். மரத்தை வெட்ட அம்மா சம்மதிக்கவில்லை. முருங்கைக்காய் சாம்பாரா, பாட்டா என்று வீட்டில் நடந்த வழக்கு தனிக் கதை!

மறு ஆண்டு ஒரு நாள், வத்தலக்குண்டு சாலையில் அப்பாவுடன் போய்க்கொண்டிருந்தேன். சாலையோரப் புளிய மரங்கள் ஓரிடத்தில் சட்டென்று விட்டுப்போயிருந்தன. டீக்கடைகூட இல்லாத அந்த இடத்தில் காரை நிறுத்தினார். பின்சீட்டுத் துண்டுக்கடியிலிருந்து பெட்டியை எடுத்தார். ஆன்டெனாவை பானட்டின் மேல் சாய்த்து வைத்து, விரல் நுனியால் இம்மி இம்மியாக நகர்த்தினார். கே.எல். ரேடியோவில் தமிழ்ப் பாட்டு கணீரென்று எழுந்தது.

"இந்த ரோட்டுல இப்படி நாலு இடம் இருக்கு. பழனி ரோட்டுல ஆறு" என்றார், என்னைப் பாராமலே.

ஓராண்டாக, சவாரி இறக்கிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் மரமில்லாத இடங்களைத் தேடித் தேடிக் குறித்து வைத்திருக்கிறார்! ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை. நான் சொன்ன இயற்பியலில் பிழையில்லைதான். ஆயினும் அன்று அந்த பானட்டருகே அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

2008 அக்டோபரில் அந்நிறுவனம் அமெரிக்காவில் திவால் மனு கொடுத்தது. 2009 டிசம்பர் 31-உடன் இந்திய ஒலிபரப்பு முடிந்தது. செய்தி எனக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. புத்தாண்டுக் காலையில் ஆன்டெனாவைத் துடைத்துக் கிழக்கே திருப்பி வைத்துவிட்டு, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மரமா மறைக்குது, தம்பி?"

காரணம் சொல்ல எனக்கு நா எழவில்லை. வெளியே போய் முருங்கையில் ஒரு கிளையை ஒடித்துப் போட்டேன். அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை.