பாதி பழுதான சில்லு

தியானப் பகுதி: அப்போஸ்தலர் 15:36–41, 2 தீமோத்தேயு 4:11



1982-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சிங்க்ளேர் நிறுவனம் ஸ்பெக்ட்ரம் என்னும் வீட்டுக் கணினியை வெளியிட்டது. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து, கேசட்டிலிருந்து நிரல்களை ஏற்றிப் பயன்படுத்தும் சிறு கருவி அது. அவற்றுள் ஒன்று வளைகுடாவிலிருந்து நாகர்கோவிலுக்கு வந்து, ஒரு வீட்டு அலமாரியில் நெடுங்காலம் கிடந்தது. நம் சபை வாலிபர் ஒருவர் அதனைச் செப்பனிட்டபோது அருகிருந்து கண்டவை இவ்வாரம் என் தியானமாயின.

மின்சாரம் கொடுத்தவுடன் திரையில் வழக்கமான முதற்செய்தி தோன்றியது. காண்பவர் அது நலமாயிருக்கிறது என்றே எண்ணுவர். ஆனால் அவர், நினைவகத்தின் கடைசி முகவரி எது என்று கணினியையே வினவினார். 65535 என்று வர வேண்டிய விடை 32767 என வந்தது. இக்கணினி விழிக்கும்போதே தன் நினைவகத்தைச் சோதித்துக்கொள்ளும். பழுது தென்படும் இடத்தோடு தன் எல்லையைச் சுருக்கிக்கொண்டு, ஒன்றும் நேராததுபோல் முகங்காட்டும்.

பழுதடைந்த பகுதியை எட்டுச் சில்லுகள் தாங்குகின்றன. எழுதப்படும் ஒவ்வோர் எண்ணையும் அவை தலைக்கு ஒரு பிட்டாகப் பங்கிட்டுச் சுமக்கும். அவர் அங்கே 255 என்று எழுதிப் படித்தார், 239 வந்தது. குறைந்தது 16. ஆகவே ஐந்தாம் பிட்டைச் சுமக்கும் சில்லே காரணம். மற்ற ஏழும் குற்றமற்றவை.

அதனைக் கழற்றி எறியும் முன் அவர் அதன் மேலுள்ள குறியெண்ணைப் படித்தார். மற்ற ஏழின் குறியெண்ணும் 3 என முடிய, இதனுடையது 4 என முடிந்தது. அதன் பொருளையும் விளக்கினார். இவை யாவும் தயாரிப்பிலேயே ஒரு பாதி பழுதானவை. உற்பத்தியாளர் அவற்றைக் குப்பையில் எறியவில்லை; எந்தப் பாதி நல்லது என்று மேலே குறித்து மலிவாக விற்றனர். சிங்க்ளேர் நிறுவனம் அவற்றை வாங்கி, ஒரே பாதி நல்லதாயுள்ளவற்றை எட்டெட்டாகச் சேர்த்து, அந்தப் பாதியை மட்டும் பயன்படுத்தும்படி பலகையில் ஓர் இணைப்பை அமைத்தது. முன்பு செப்பனிட்ட யாரோ ஒருவர், மறுபாதி நல்லதாயுள்ள சில்லை இங்கே பொருத்தியிருந்தார். கெட்டது என்று தீர்க்கப்பட இருந்த அச்சில்லு, தன் இனத்தாரோடு வைத்தால் நன்றாக உழைக்கும்.

பவுலையும் பர்னபாவையும் பம்பிலியாவில் விட்டுப் பிரிந்த மாற்குவை நினையுங்கள். மறுபயணத்தில் அவனைச் சேர்த்துக்கொள்ளப் பவுல் மறுத்தார். பர்னபா அவனைச் சீப்புரு தீவுக்கு அழைத்துச் சென்றார். பின்னாளில் அதே பவுல், ஊழியத்தில் தமக்குப் பிரயோஜனமானவன் என்று சொல்லி மாற்குவை அழைத்துவரச் சொன்னார்.

நம் சபையிலும் கணக்கெழுதத் தடுமாறுகிற ஒருவர், நோயாளியின் கட்டிலருகே இரவு முழுதும் விழித்திருக்க வல்லவராயிருக்கலாம். குடியிலிருந்து விடுதலை பெற்றும் இன்னும் கடைசி இருக்கையிலேயே அமர்ந்திருக்கும் சகோதரன், நாம் நுழைய முடியாத வீடுகளுக்குள் நுழையக்கூடியவன். அவர்களை எங்கே வைத்தோம் என்று கேளாமலே, உதவாதவர்கள் என்று தீர்த்துவிடுகிறோம் அல்லவா?

ஒன்றையும் மறவாதிருப்போம். அச்சில்லுகளின் பழுதை எவரும் மறைக்கவில்லை. அந்தப் பாதியில் எவரும் பாரம் ஏற்றவுமில்லை. பணத்தில் இடறியவர் கையில் மீண்டும் பணப்பையைக் கொடுப்பது அன்பாகாது. பழுதை ஒப்புக்கொள்வதும், நல்ல பாதிக்கு வேலை கொடுப்பதும் சேர்ந்ததே சபையின் அன்பு.

இவ்வாரம், நீங்கள் மனத்தளவில் தள்ளிவைத்திருக்கும் ஒருவருடைய பெயரைத் தேவசமுகத்தில் சொல்லுங்கள். அவருக்கேற்ற இடம் எது என்று கேளுங்கள்.

ஜெபம்: எங்கள் பழுதை அறிந்தும் எங்களைத் தள்ளாத ஆண்டவரே, பிறரையும் அவ்வாறே காணும் கண்களை எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.