பார்த்த கூலி

வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும் மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். போன மார்கழியில் என் மாருதி 800-ஐ அந்தப் பாதையில் இறக்கிக்கொண்டு வந்தேன். பின்னால் பைக்கில் வந்த நண்பர் அடிவாரத்தில் ஓரங்கட்டச் சொன்னார். "ஒவ்வொரு வளைவு தாண்டி நீங்க ஆக்ஸிலேட்டர மிதிக்கிறப்பவும் நீலமாப் புகை வருதுங்க. மத்த நேரம் சுத்தமா இருக்குது" என்றார்.

வண்டி அப்பா வாங்கியது. 1999 மாடல். அவர் காலமான பிறகும் விற்க மனம் வரவில்லை. கொஞ்ச நாளாகவே 700 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தேன். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு குப்பென்ற புகை வரும். பனிக்காலம், அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருந்தேன்.

ஊரில் பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் கொண்டுபோய்க் காட்டினேன். ஐந்தே நிமிடம். "இன்ஜின் போச்சு சார். இறக்கி, போர் பண்ணி, பிஸ்டன், ரிங் எல்லாம் மாத்தணும். 38,000 ஆகும். இந்த வண்டிக்கு அவ்வளவு போடணுமான்னு யோசிச்சுக்குங்க" என்று கணக்கு எழுதிய தாளையும் கையில் கொடுத்தார்கள். பானெட்டைத் தூக்கியவர்கள் ஆயில் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

நண்பர் அந்தத் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "விக்கிறதுக்கு முன்னாடி ஒருத்தர்கிட்டக் காட்டிரலாம்" என்று உடுமலை ரோட்டுக்கு அழைத்துப் போனார்.

தென்னந்தோப்பின் ஓரத்தில் நான்கு கல்தூண், மேலே தகரம். பெயர்ப்பலகை கிடையாது. ஒரு தூணில் முருகன் படம், அதற்குக் கீழே ஆணி ஆணியாக ரிங் ஸ்பேனர்கள். அவருக்கு 66 வயது. சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். நானும் அண்ணா என்றே கூப்பிட்டேன்.

வண்டியைத் தொடுவதற்கு முன் கேள்வி கேட்டார். "புகை ஏறறப்ப வருதுங்களா, எறங்கறப்பங்களா? ராத்திரி நிறுத்தி வெச்சுக் காலைல எடுக்கறப்ப எப்படி? கறுப்பா, வெள்ளையா, நீலமா?" நான் சொல்லச் சொல்லத் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு வண்டியை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, துவாரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். சித்த நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "கையை முட்டித் தள்ளுச்சுன்னா ரிங்கு போச்சுன்னு அர்த்தம். இது சும்மா மூச்சு உடுது, பாருங்க" என்று என் கையையும் பிடித்து அங்கே வைத்தார். வெதுவெதுப்பான ஒரு காற்று, அவ்வளவுதான். வண்டி ஆறியதும் பிளக் மூன்றையும் கழற்றி வரிசை மாறாமல் செய்தித்தாள் மேல் வைத்தார். இரண்டாவது பிளக்கில் கரி ஈரமாக மின்னியது.

"ரிங்கு நல்லாத்தானுங் இருக்குது. வால்வ் சீலுதான் செத்துப்போச்சு. இதுக்கு எதுக்குங் இன்ஜின எறக்கோணும்?"

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வகையில் எழுதுகிறேன். மாருதி 800-இன் 796 சி.சி. இன்ஜினில் மூன்று சிலிண்டர். என் வண்டியில் சிலிண்டருக்கு இரண்டாக மொத்தம் ஆறு வால்வு. ஹெட்டின் மேல் பகுதி முழுக்க ஆயில் வழிந்துகொண்டே இருக்கும். வால்வின் தண்டு மேலும் கீழும் போய்வரும் குழாயான கைடு வழியாக அந்த ஆயில் கீழே இறங்கிவிடாமல் தடுப்பது, கைடின் தலையில் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் ரப்பர் சீல். சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். வருடக்கணக்காகச் சூடேறினால் ரப்பர் இறுகிவிடும், தண்டைக் கவ்விப் பிடிக்காது. மலை இறங்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கிறோம். காற்று வரும் வழி மூடிவிடுகிறது. பிஸ்டன்களோ சக்கரத்தின் வேகத்தில் ஓடி உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன. அந்த உறிஞ்சலில், இறுகிப்போன சீல் வழியாக ஆயில் உள்ளே இறங்குகிறது. வளைவு முடிந்து மிதித்ததும் எரிந்து நீலப் புகையாக வெளியே வருகிறது. இரவில் நின்ற வண்டியில் அது தானாகவே கசிந்து இறங்கியிருக்கும். அதுதான் காலைப் புகை. ரிங் தேய்ந்திருந்தால் மலை ஏறும்போதும் புகைந்திருக்கும், ஆயில் மூடித் துவாரத்தில் கை நிற்காது.

200 ரூபாய் நீட்டினேன். "பார்த்ததுக்கு எங்கீங் காசு?" என்று கையைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார்.

பிறகு இரண்டு நாள் அந்தக் கொட்டகையில் போய் உட்கார்ந்திருந்தேன். அவர் 1971-இல், ஆறாம் வகுப்போடு, பன்னிரண்டு வயதில் கோவையில் ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்திருக்கிறார். வேலை, கழற்றிய பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவுவது. கழுவிய எண்ணெயைத் துணியில் வடிகட்டி வால்வ் லாக்குகளைப் பொறுக்கி எண்ணித் தர வேண்டும். வால்வையும் ஸ்பிரிங்கையும் பிடித்து வைப்பது அந்த லாக்குதான்; பிளந்த வேர்க்கடலைப் பருப்பைப்போல இரண்டு பாதி. ஆறு சிலிண்டர் லாரிக்கு 12 வால்வு, 24 பாதிகள். ஒன்று குறைந்தாலும் அன்றைய எட்டணா கிடையாது. "ராத்திரி கனாவுலயும் எண்ணிட்டிருப்பனுங்" என்றார்.

1978-இல், வால்விலிருந்து லாக்கைக் கழற்றும்போது, ஒரு விபத்து. ஸ்பிரிங்கை அமுக்க அப்போது அங்கே ஒழுங்கான கருவி கிடையாது. ஒருவர் இரும்புப் பட்டையால் நெம்பி அமுக்குவார், இன்னொருவர் ஸ்க்ரூடிரைவரால் லாக்கை எடுப்பார். பட்டை வழுக்கியது. தெறித்த லாக் இவருடைய இடது கண்ணில் பட்டது. 15 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பட்டறை முதலாளி ஒருநாள் வந்து பழம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனதோடு சரி. அந்தக் கண்ணில் இன்றைக்கும் நிழல்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவர் செய்த முதல் வேலை, ஒரு கருவி. லாரியின் உடைந்த ஸ்பிரிங் பட்டையில் முக்கால் முழம் வெட்டி, ஒரு முனையைக் கொக்கியாக வளைத்திருக்கிறார். நடுவில், ஆடுகிற மாதிரி ஒரு ஊக்கில் மாட்டிய இரும்புக் குழாய்த் துண்டு. குழாயின் இரண்டு பக்கமும் ஜன்னல்போல வெட்டியிருக்கிறது. ஹெட்டில் மூடி மாட்டும் போல்ட் துவாரத்தில் ஒரு தகட்டை முறுக்கி, கொக்கியை அதில் மாட்டி, குழாயை ஸ்பிரிங் தலையில் உட்காரவைத்துப் பட்டையை அமுக்கினால் ஸ்பிரிங் நேராக இறங்கும். வழுக்கி விலக இடமில்லை. ஜன்னல் வழியாக லாக்கை எடுத்துவிடலாம். தெறித்தாலும் குழாய்க்குள்ளேயே விழும். பட்டை ஒன்றுதான், தகடுதான் இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். கம்பி வளையத்தில் 14 தகடுகள் கோத்துத் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் ஆணியால் கீறிய எழுத்து: அம்பாசடருக்கு 'அ', பத்மினிக்கு 'ப', ஹெரால்டுக்கு 'ஹெ', மாருதிக்கு 'மா'. 'ஹெ' தகட்டில் துரு ஏறியிருந்தது. 'மா' தகடு கைபட்டுக் கைபட்டு வெள்ளிபோல் இருந்தது. கைப்பிடியில் சுற்றிய சைக்கிள் டியூப் மட்டும் எத்தனையோ முறை மாற்றியதாம். ஒரு கண்ணைக் கொடுத்தவர் செய்த கருவி அது. அதைக் கையில் வாங்கியபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

சீல் மாற்றும் வேலையை எங்கள் வீட்டுப் போர்டிகோவில் வைத்துக்கொள்ளலாம் என்றார். "இங்க தோப்புக் காத்துல மண்ணு பறக்குது. ஹெட்டத் தொறந்து வெச்சா ஒரு மணலு போதும்." இன்னொரு காரணத்தையும் மறைக்கவில்லை. நல்ல கண்ணிலும் புரை விழ ஆரம்பித்திருக்கிறது. "கையும் கண்ணும் நீங்க. வாய் நானு. சரிங்களா தம்பி?"

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கினோம். மேல் மூடி, ராக்கர்கள் எல்லாம் கழன்ற விதத்தை நான் சரியாகக் கவனிக்கவில்லை. அதை அவரே தடவித் தடவிக் கழற்றினார். எனக்கு நினைவிருப்பது கயிறு. லாக்கை எடுத்துவிட்டால் வால்வு சிலிண்டருக்குள் இறங்கிவிடும். அதற்காக ஹெட்டை இறக்க வேண்டியதில்லை. பிளக் துவாரம் வழியாக மெல்லிய நைலான் கயிற்றை நான்கு முழம் உள்ளே திணிக்கச் சொன்னார். நுனியில் முடிச்சுப் போட்டு வெளியே விட்டுவிட வேண்டும். பிறகு கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு மெதுவாகத் திருப்பினால் பிஸ்டன் மேலே வந்து கயிற்றை வால்வுகளோடு சேர்த்து அழுத்தி நின்றுவிடும். வால்வு எங்கும் போகாது.

ஹெட்டில் ஆயில் கீழே இறங்கும் ஓட்டைகளையெல்லாம் அவருடைய பழைய வேட்டித் துணியால் அடைத்தோம். பட்டையை அமுக்கினேன். லாக் அசையவில்லை. "விடுங்க. மொதல்ல பாக்ஸ் ஸ்பேனர வெச்சு மேல ஒரு தட்டுத் தட்டுங்க, பிசின் உடட்டும்." தட்டிவிட்டு மறுபடி அமுக்கினேன். ஸ்பிரிங் இறங்கியது, இரண்டு பாதிகளும் தளர்ந்து விலகின. காந்த முனையால் எடுத்துத் தட்டில் வைத்தேன். ஸ்பிரிங்கைத் தூக்கினால் அடியில் சீல். பிளேயரால் திருகி இழுத்தேன். விரலில் வைத்து அழுத்தியதும் வெயிலில் காய்ந்த வற்றல்போல் ஒடிந்தது. புதியதை அழுத்தினால் காது மடல்போல வளைந்து திரும்பியது.

புதிய சீலை அப்படியே மாட்ட விடவில்லை. வால்வுத் தண்டின் தலையில் லாக் உட்காரும் பள்ளம் இருக்கிறது. அதன் விளிம்பு கத்தி மாதிரி. சீலின் உதடு அதில் உரசினால் புதியதும் அன்றைக்கே போச்சு. வேட்டி மடிப்பிலிருந்து ஓர் இளநீர் ஸ்ட்ராவை எடுத்தார். நீளவாக்கில் கீறி, தண்டின் தலையைச் சுற்றி மூடி, ஆயில் தடவி, அதன்மேல் சீலை வழுக்கி இறக்கச் சொன்னார். ஸ்ட்ராவை உருவிவிட்டு பாக்ஸை வைத்து உள்ளங்கையால் அழுத்தினேன். 'டப்' என்று ஒரு சத்தம். "உக்காந்துருச்சு" என்றார். அவர் எதையும் பார்க்கவில்லை, சத்தத்தை மட்டும் கேட்டார்.

மூன்றாவது சிலிண்டரில் ஒரு லாக் கைநழுவியது. முக்கால் மணி நேரம் தேடினேன். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. கடைசியில் வேட்டித் துணியின் மடிப்பில் இருந்தது. தட்டில் அந்தச் சிலிண்டரின் நான்கு பாதிகளும் சரியாக இருக்கின்றனவா என்று விரலால் தொட்டு எண்ணினார். சீலை மாற்றும்போதே ஒவ்வொரு வால்வுத் தண்டையும் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கச் சொன்னார். கைடு தேய்ந்திருந்தால் புதிய சீல் நிற்காது. இரண்டாவது சிலிண்டரின் எக்ஸாஸ்டில் லேசான ஆட்டம். "ரெண்டு வருசம் தாங்குமுங். அப்பறம் பார்த்துக்கலாம்." டேப்பட் இடைவெளியைச் சரிசெய்து முடித்து ஸ்டார்ட் செய்தபோது மாலை நாலரை.

ஆறு சீலுக்கு ஆன செலவு 280 ரூபாய். அவர் கேட்ட கூலி 700.

அந்த 280 ரூபாய்க்குப் பின்னால் இருப்பதையும் சொல்ல வேண்டும். உதிரிபாகக் கடையில் அதே சீல் மூன்று கவர்களில் இருந்தது: 280, 180, 90. கடைக்காரர் கேட்டார், "பில் எவ்வளவு போடட்டும்?" மெக்கானிக்குக்குப் போகும் பங்கையும் சேர்த்துத்தான் பில் என்பது அங்கே எழுதாத விதி. அண்ணன் பங்கு வாங்குவதில்லை. அதனால் கடைகள் யாரையும் அவரிடம் அனுப்புவதில்லை. பங்கு வாங்குகிறவருக்கு, சீல் போதும் என்று உண்மை சொன்னால் 280-இல் பத்தோ இருபதோ கிடைக்கும். இன்ஜின் போச்சு என்று சொன்னால் பிஸ்டன், ரிங், கேஸ்கெட், பேரிங் என்று ஆயிரக்கணக்கில் வரும். நாம் இந்தத் தொழிலில் எதற்குக் காசு கொடுக்கிறோம்? மாற்றிய பாகத்துக்கு. மாற்ற வேண்டாம் என்று சொன்னவருக்கு ஒரு காசு கொடுப்பதில்லை. டாக்டர் நாடி பார்த்து ஒன்றுமில்லை என்று அனுப்பினாலும் பீஸ் வைத்துவிட்டு வருகிறோம். மெக்கானிக் கையை வைத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றால், நன்றி சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போகிறோம். பொய் சொல்கிறவர்களை இப்படி வளர்த்துவிட்டது நாம்தான். மறுபக்கம் பழைய வண்டியைத் தள்ளிவிடச் சொல்லும் நெருக்கடி வேறு. 15 ஆண்டு தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. இன்ஜின் போச்சு என்று சொன்ன வாயே புரோக்கரின் நம்பரையும் கொடுக்கிறது. இதற்கு நடுவில் போரிங் மெஷினில் நின்று வேலை செய்கிறவருக்கும் நல்ல கூலி கிடைப்பதில்லை, சீலை மாற்றுகிறவருக்கும் கிடைப்பதில்லை. இரண்டையும் தொடாதவர்கள்தான் சம்பாதிக்கிறார்கள்.

அண்ணனின் இரண்டு மகன்களும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். கடைசியாக இருந்த உதவிப் பையன், சாப்பாடு டெலிவரி வேலைக்குப் போய்விட்டான். "அவன் மேல தப்பில்லீங். இங்க நான் என்ன குடுத்தேன்?" என்றார்.

அன்று மாலை 700-ஐ எண்ணி வைத்துவிட்டு, தனியாக 500 ரூபாயை இன்னொரு கையில் கொடுத்தேன். "இது எதுக்குங்?" "அன்னிக்கு ஆயில் மூடில கைய வெச்சுப் பார்த்தீங்கல்லண்ணா, அதுக்கு." இரண்டு முறை தள்ளினார். மூன்றாம் முறை வாங்கி, 700-ஓடு சேர்க்காமல் வேறு பையில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு வண்டி 2,300 கிலோமீட்டர் ஓடிவிட்டது. கால் லிட்டர் ஆயில் ஊற்றியிருக்கிறேன். ஒரு முறை வால்பாறைக்குப் போய் 40 வளைவும் இறங்கினேன். நண்பர் பின்னாலேயே வந்து பார்த்தார், புகை இல்லை.

வண்டி வைத்திருக்கிற எல்லோரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்ஜினை இறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், புகை எப்போது வருகிறது என்று அவர் உங்களிடம் கேட்டாரா என்று பாருங்கள். கேட்காதவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். கேட்டு, பார்த்து, உண்மையைச் சொன்னவருக்கு, ஸ்பேனரைத் தொடாவிட்டாலும், பார்த்த கூலியைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.