சிரிக்க வைக்கிற பிள்ளையிடம் கேட்க வேண்டியது

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரு தம்பி இருக்கிறான். பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுவதையும், தலவாக்கலை பஸ்ஸில் கொண்டக்டர் ஆள் ஏற்றுவதையும் அப்படியே செய்து காட்டுவான். திருவிழா மேடையில் அவன் மைக்கைப் பிடித்தால் வயதானவர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறிய அன்று மாலை, அவன் வாசற்படியில் தனியாக உட்கார்ந்திருந்தான். அம்மா வைத்துவிட்டுப் போன தேத்தண்ணி தொடாமல் ஆறிக்கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்து நகைச்சுவை நடிகர் சந்திரபாபுவின் கதையைச் சொன்னேன்.

ஜே.பி. சந்திரபாபு 1927இல் தூத்துக்குடியில் பிறந்தவர். தகப்பனார் விடுதலைப் போராட்டக்காரர். வெள்ளைக்கார அரசாங்கம் அவரை இலங்கைக்கு நாடு கடத்தியதால், பிள்ளை பள்ளிக்கூடம் போனது கொழும்பில். பிறகு சென்னைக்குத் திரும்பி ஸ்டூடியோ வாசல்களில் நின்றார். 1947இல் 'தன அமராவதி' படத்தில் முகம் காட்டியும் வாழ்க்கை விடியவில்லை. 1952இல், ஜெமினி ஸ்டூடியோ அதிபர் எஸ்.எஸ். வாசனைச் சந்திக்க வழி கிடைக்காத வேதனையில், அந்த ஸ்டூடியோவிலேயே உயிரை விடத் துணிந்தார்.

காப்பாற்றிவிட்டார்கள். அந்நாளைய சட்டப்படி கோர்ட்டிலும் நிறுத்தினார்கள். அங்கே அவர் தீக்குச்சியை உரசித் தன் கையைச் சுட்டுக்கொண்டு, சுட்டது எல்லாருக்கும் தெரியும், வலி எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நீதிபதியிடம் சொன்னதாகச் சொல்வார்கள்.

பிறகு நடந்ததைப் பாருங்கள். அதே ஜெமினியின் 'மூன்று பிள்ளைகள்' படத்தில் நடித்தார். 1958இல் 'சபாஷ் மீனா'வில் சிவாஜி கணேசனோடு நடித்து, தானே இரட்டை வேடமும் போட்டார். குரலை உடைத்து உடைத்துப் பாடும் 'யோடலிங்'கைத் தமிழ்ப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். இலங்கை வானொலியில் அவர் குரல் கேட்டால், கொழுந்தெடுத்து அலுத்து வந்தவர்களும் காம்பரா வாசலில் தாளம் போடுவார்கள். 1952ஆம் ஆண்டின் அந்த நாள் அவரை எடுத்துக்கொண்டிருந்தால், இது ஒன்றும் நமக்குக் கிடைத்திருக்காது.

முழுக்கதையையும் சொல்லாவிட்டால் அது பொய்யாகிவிடும். 1966இல் அவரே இயக்கி நடித்த 'தட்டுங்கள் திறக்கப்படும்' கைகொடுக்கவில்லை. கடனும் தனிமையும் சேர, 1974இல் 46 வயதில் இறந்தார். ஊரெல்லாம் சிரிக்க வைத்த மனிதருக்குள் அந்தத் தீக்குச்சியின் வலி கடைசிவரை இருந்தது. புகழ் கைதட்டலைத் தரும். மனக்காயத்துக்கு மனிதர்தான் மருந்து.

தம்பிமாரே, ஒரு கதவு சாத்தியிருக்கும் நாளில் வாழ்க்கைக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். அன்று வேண்டியது, விடியும்வரை கூட இருக்க ஒரு ஆள். வாய்விட்டுச் சொல்லுங்கள், அதில் வெட்கமில்லை.

பெரியவர்களே, உங்கள் லயத்திலும் எல்லாரையும் சிரிக்க வைக்கிற பிள்ளை ஒன்று இருக்கும். அவனுடைய பகிடிக்குக் கைதட்டிவிட்டு எழுந்து போகாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "நீ எப்படி இருக்கே, ராசா?" என்று கேளுங்கள். எங்கள் தம்பி அன்று இரவு சாப்பிட்டான். இப்போது கணிதத்தை மறுபடி எழுதப் படித்துக்கொண்டிருக்கிறான்.