தேசிங்கு இறங்கி வந்த மலை

பீர்க்கன்கரணை ஏரியை ஒட்டி ஓடும் ஜி.எஸ்.டி. ரோடில் தினம் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கிறீர்களே, அதே ரோடில் ஒரு நாள் தெற்கே போய்த்தான் பாருங்களேன்! செங்கற்பட்டு, மதுராந்தகம் தாண்டித் திண்டிவனம். அங்கே மேற்கே திரும்பினால் 28 கிலோமீட்டரில் செஞ்சி.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். மூன்றையும் வளைத்து மதில். ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. காலையிலேயே ஏறிவிடுங்கள், வெயில் ஏறினால் பாறையில் கால் வைக்க முடியாது. உச்சிக்குச் சற்று முன்னால் மலையே பிளந்தாற்போல் ஒரு பள்ளம். அந்தக் காலத்தில் அதன் மேல் மரப்பாலம். அதை எடுத்துவிட்டால் எதிரி இந்தப் பக்கம், ராஜா அந்தப் பக்கம்!

என்னோடு வந்த அத்தை, கல்யாண மஹாலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடிவாரத்து நெற்களஞ்சியத்தில்தான் வெகு நேரம் நின்றாள்.

"எத்தனை வருஷத்து நெல் கொள்ளுமடி இது?"

கேள்வி சரியானதுதான். 1677-ல் சிவாஜி பிடித்த கோட்டை இது. அவர் மகன் ராஜாராம் இங்கே இருந்தபோது, 1690-ல் மொகலாயப் படை வந்து வளைத்துக்கொண்டது. கோட்டை விழுந்தது 1698-ல்! ராஜாராம் அதற்குள் தப்பிவிட்டார். வெளியே மராட்டியக் குதிரைப்படை மொகலாயரைத் தூங்க விடவில்லை என்பது உண்மையே. ஆனாலும் உள்ளே உலை கொதிக்காமல் எட்டு வருஷம் தள்ள முடியுமா?

இனி நம் தேசிங்கு ராஜன். தெருக்கூத்தில் பார்த்துக் கண்ணைத் துடைத்துக் கொண்டிருப்பீர்கள். சரித்திரத்தில் அவன் பெயர் தேஜ்சிங். இருபது வயதைச் சற்றே தாண்டிய ராஜபுத்திர வாலிபன். 1714-ல் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகான் பெரும் படையோடு வந்தார். பாலத்தை எடுத்துவிட்டு மலைமேல் இருந்திருக்கலாம். களஞ்சியம் இருந்தது, சுனை இருந்தது. அவனோ சிறு படையோடு குதிரை ஏறி வெளியே வந்தான். போரில் மடிந்தான். இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் பெயரால் நவாப் அமைத்த ஊர்தான் ராணிப்பேட்டை என்கிறார்கள்.

அப்புறம் 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் இதே கோட்டையை ஒரே இரவில் பிடித்தது தனிக் கதை. 2025-ல் யுனெஸ்கோ, மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்தது செஞ்சி ஒன்றுதான்.

குளக்கரையில் தேசிங்கின் சிதை எரிந்த இடம் என்று ஒரு மேடையைக் காட்டினார்கள்.

"வெளியே போகிறேன் என்று கிளம்பினானே, அவளை ஒரு வார்த்தை கேட்டானா?" என்றாள் அத்தை. தலையிலிருந்த மல்லிகையில் ஒரு கண்ணி கிள்ளி மேடைமேல் வைத்தாள். "இது அவனுக்கில்லை" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தாள்.